படம் வரைந்தவர் பெயர் என்ன?

நான் பிறந்த ஊர் செங்கல். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே கிடக்கும் சிற்றூர். ஊர்ப் பெயரைக் கேட்டதும் விடுதி நண்பர்கள் சூளையையும் சுவரையும் சேர்த்துக் கேலி பேசுவதுண்டு, பேசட்டும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளை அந்தப் பக்கம். பாறசாலை இந்தப் பக்கம். எங்கள் வீடும் இந்தப் பக்கமே. அதனால் வீட்டில் பேசுவது தமிழ்; பள்ளியில் படிப்பது மலையாளம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு மொழிகள் எனக்குக் கிடைத்தன. ஆனால் எங்கள் தெருக் குழந்தைகளிற் பலருக்குத் தமிழ் காதோடு நின்றுவிடுகிறது, கண்ணுக்கு வருவதில்லை.

சென்ற ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாகர்கோவிலில் ஒரு தமிழ்ப் படப்புத்தகம் வாங்கிச் சென்றேன். அக்காள் மகளுக்கு ஆறு வயது. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நான் படித்துச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தேன். அவளோ புத்தகத்தைப் பறித்துக்கொண்டு திண்ணையில் குப்புறப் படுத்து, படங்களைப் பார்த்தே முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு கதை சொன்னாள். அச்சிலிருந்த கதைக்கும் அவள் கதைக்கும் பாதிதான் பொருத்தம். உண்மையைச் சொன்னால் அவள் கதையே கொஞ்சம் மேல். முடித்துவிட்டு, “மாமா, இத ஆரு வரச்சது?” என்று கேட்டாள்.

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியவர் பெயர் இருந்தது. பதிப்பகத்தின் பெயர், அச்சகத்தின் பெயர், விலை எல்லாம் இருந்தன. வரைந்தவர் பெயர் இல்லை. ஆறு வயதுக் குழந்தை இயல்பாகக் கேட்ட கேள்விக்கு அந்நூலில் விடையில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

முதலில் படப்புத்தகம் என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். படம் போட்ட புத்தகமெல்லாம் படப்புத்தகம் ஆகாது. கதையை முழுவதும் எழுதி முடித்து, இடையிடையே அலங்காரத்துக்குப் படம் சேர்ப்பது ஒரு வகை. அதில் படத்தை எடுத்துவிட்டாலும் கதை குறையாது. படப்புத்தகத்தில் கதையின் பாதியைப் படமே சொல்லும். “அவன் வீட்டுக்குப் போனான்” என்று எழுத்துச் சொல்லும். அவன் பின்னால் நாய்க்குட்டி ஒன்று ஒளிந்து வருவதைப் படம் சொல்லும். எழுத்துக்குத் தெரியாத செய்தி குழந்தைக்குத் தெரியும். அந்த இரகசியத்தில்தான் குழந்தைக்கு மகிழ்ச்சி. ஆகவே, படப்புத்தகத்துக்கு ஆசிரியர் இருவர். அல்லது இரு தொழிலும் தெரிந்த ஒருவர். வரைந்தவரை விட்டுவிட்டு எழுதியவரை மட்டும் ஆசிரியர் என்பது, நாதசுரக்காரர் பெயரைப் போட்டுவிட்டுத் தவில்காரர் பெயரை மறப்பதிலும் பெரிய பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சகத்தில் ஒரு பெரிய தாளை மும்முறை மடித்தால் எட்டு ஏடு, பதினாறு பக்கம். இதை ஒரு பாரம் என்பார்கள். இரண்டு பாரம் 32 பக்கம். உலகெங்கும் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கமாக இருப்பதற்கு இந்த மடிப்பே காரணம்; கலைக் கொள்கை ஒன்றுமில்லை. தலைப்புப் பக்கம் முதலியவற்றைக் கழித்தால் கதைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று விரிப்புகள் மிஞ்சும். ஒவ்வொரு முறை ஏட்டைப் புரட்டுவதும் ஒரு திரை விலகுவதைப் போன்றது. அடுத்து என்ன என்று குழந்தை ஏங்கும் இடத்தில் பக்கம் முடிய வேண்டும். வெண்பாவின் ஈற்றடியில் ஒரு சீர் கூடினால் நாம் முகம் சுளிக்கிறோம் அல்லவா? படப்புத்தகத்துக்கும் அப்படி ஒரு யாப்பு உண்டு. அதைக் கற்காமல், “குழந்தைகளுக்குத்தானே, யார் வேண்டுமானாலும் எழுதலாம்” என்று புறப்படுவோர் பலர்.

இக்கலைக்குப் புதிதாக வருவோரை வரவேற்கப் பிறநாடுகளில் பரிசுகள் உண்டு. அவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவரின் பெயரால் வழங்கப்படுவது. நம் பாடத்தில் வரும் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் வேறு; இவர் வேறு. இவர் 1916இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஒரு காப்பிக் கடையில் பரிமாறும் வேலை செய்தார். மகன் படம் வரைவதை வெளிப்படையாக அவர் ஆதரிக்கவில்லை. ஓவியனானால் பட்டினி கிடப்பாய் என்று அஞ்சினார். ஆனால் அவ்வப்போது வண்ணக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டு வருவார். பசித்த ஓவியர் எவரோ சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்ததாகக் கதை சொல்வார். 1935இல், மகன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில், தந்தை தெருவில் விழுந்து இறந்தார். உடலை அடையாளம் காட்டச் சென்றான் மகன். தந்தையின் பணப்பையைத் திறந்தால், அதில் மகன் ஓவியத்துக்குப் பெற்ற பரிசுகளைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகள் கசங்கிக் கிடந்தன.

இந்த நிகழ்ச்சியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பரிசு என்பதன் பொருளை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை. பணத்தைக் காட்டிலும், “நீ செய்வது வீணன்று” என்று ஒருவர் சொன்னதற்கான சான்று அது. அந்த நறுக்குகளைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதும் அதில் அடங்கும்.

கீட்ஸ் பல ஆண்டுகள் பிறர் எழுதிய கதைகளுக்குப் படம் வரைந்தார். வந்த கதைகளில் எதிலும் கறுப்பினக் குழந்தை தலைவனாக இல்லை என்பதைக் கண்டார். 1940இல் ‘லைஃப்’ இதழில் வெளிவந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் நான்கு நிழற்படங்களை வெட்டி வைத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1962இல், அச்சிறுவனைப் பீட்டர் என்று பெயரிட்டுத் தம் நூலுக்குள் நடக்கவிட்டார். ‘தி ஸ்நோயி டே’ என்பது நூலின் பெயர். பனி பெய்த நாள் என்று பொருள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சிறுவன் எழுகிறான், வெளியே பனி, போய் விளையாடுகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், உறங்கப் போகுமுன் பார்த்தால் பை காலி. அவ்வளவுதான். தாள்களை வெட்டி ஒட்டியும், அழிப்பானில் அச்சுச் செதுக்கிப் பனித்திவலைகளைப் பதித்தும், பல் துலக்கும் தூரிகையால் மையைத் தெறித்தும் அப்படங்களைச் செய்தார். தெறித்த மைக்கு அந்நாட்டார் வைத்த பெயர் ‘இந்திய மை’ என்பது நமக்குச் சிறு மகிழ்ச்சி.

1963இல் அந்நூலுக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. அது 1938 முதல் அமெரிக்காவில் படப்புத்தக ஓவியருக்கு ஆண்டுதோறும் தரப்படும் பெரும்பரிசு. நியூயார்க் பொது நூலகம் 2020இல் தன் 125 ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, வாசகர்கள் மிகுதியாக இரவல் வாங்கிய நூல் இதுவே என்று அறிவித்தது, எண்ணிக்கை 4,85,583. பெரியோர் படிக்கும் நாவல்களெல்லாம் அதற்குப் பின்னால் நின்றன!

இவ்வெற்றியால் எல்லாம் மாறிவிட்டதா என்றால், இல்லை. 1965இல் நான்சி லாரிக் என்னும் அம்மையார், மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றுள் 349 நூல்களில் மட்டுமே கறுப்பினத்தவர் ஒருவரேனும் இருப்பதாக எழுதினார். நூற்றுக்கு ஏழு கூட இல்லை. கீட்ஸின் நூலையும் அவர் விட்டுவைக்கவில்லை. படத்தில் நிறம் இருக்கிறது, எழுத்தில் ஒரு சொல்லும் இல்லையே என்று கேட்டார். ஒரு நல்ல நூல் வந்துவிட்டால் போதாது, பலர் தொடர்ந்து வரவேண்டும் என்பதே இதிலிருந்து கிடைப்பது.

கீட்ஸ் 1983இல் மறைந்தார். அவர் பெயரால் நடக்கும் அறநிலையம் 1985இல் பரிசை ஏற்படுத்தியது. 1986இல் முதற் பரிசைப் பெற்றவர் ‘தி பேட்ச்வொர்க் குவில்ட்’ என்னும் நூலை எழுதிய வலேரி ஃபுளூர்னாய். ஒரு பாட்டி பழந்துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் கதை அது. முதலில் எழுத்தாளருக்கு மட்டுமே இருந்த பரிசு, 2001 முதல் ஓவியருக்கும் தனியே வழங்கப்படலாயிற்று. அங்கும் ஓவியர் பதினைந்து ஆண்டுகள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். இப்பரிசின் உயிர்நாடி ஒரு விதியில் இருக்கிறது: அதற்குமுன் மூன்று சிறுவர் நூல்களுக்கு மேல் வெளியிட்டவர் இதில் கலந்துகொள்ள இயலாது. பெயர் பெற்றவர்க்கு இங்கே இடமில்லை.

இவ்விதி ஏன் வேண்டும்? படப்புத்தகம் செலவு மிகுந்த பண்டம். நான்கு வண்ண அச்சு, கெட்டித் தாள், ஓவியரின் பல மாத உழைப்பு. விலையோ குறைவாக இருக்க வேண்டும். பதிப்பாளர் துணிவதற்கு அஞ்சுவார். முன்பே விற்ற பெயரைத்தான் தேடுவார். அதிலும் முதல் நூலைவிட இரண்டாம் நூல் கடினம். முதல் நூலை ஆசையால் செய்துவிடலாம். அது விற்காமற் போனால் இரண்டாம் நூலுக்கு யார் தாள் வாங்குவார்? புதியவருக்குத் தரும் பரிசு உண்மையில் அந்த இரண்டாம் நூலுக்கான முன்பணம். முதியவருக்குப் பொன்னாடை போர்த்துவதை நான் குறை கூறவில்லை. பொன்னாடையால் புது நூல் பிறப்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஆசியாவிலும் இப்படி ஒன்று இருந்தது. யுனெஸ்கோவின் ஆசியப் பண்பாட்டு மையம் தோக்கியோவிலிருந்து 1978 முதல் 2008 வரை ‘நோமா’ படப்புத்தக ஓவியப் போட்டியை நடத்தியது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா முதலிய பகுதிகளில், வெளியிட வாய்ப்பில்லாத ஓவியர்களைக் கண்டெடுப்பதே அதன் நோக்கம். 30 ஆண்டுகள் நடந்து நின்றுவிட்டது. அது நின்றது ஓர் இழப்பே.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். இங்கே முதலில் நினைக்க வேண்டியவர் நம் பழைய திருவிதாங்கூர்க்காரரே. காயங்குளத்தில் 1902இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் படித்து, தில்லி சென்று கேலிச் சித்திரத்தால் புகழ் பெற்ற சங்கர் பிள்ளை, 1949இல் குழந்தைகளுக்கான உலக ஓவியப் போட்டியைத் தொடங்கினார். 1957இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். 1978இல் சிறுவர் நூல் எழுதுவோர்க்கென ஆண்டுப் போட்டி ஒன்றை ஏற்படுத்தினார். கையெழுத்துப் படியை அனுப்பினாற் போதும். புகழ் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பிரதமர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து வரைந்த அதே கை, குழந்தைகளுக்காக இத்தனையும் கட்டியது.

தமிழில் நிலை என்ன? தொடக்கம் சிறியதன்று. 1840இலேயே நாகர்கோவிலிலிருந்து ‘பாலதீபிகை’ என்னும் சிறுவர் இதழ் வெளிவந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களை நாம் எல்லோரும் வாயில் வைத்திருக்கிறோம். 1950இல் அழ. வள்ளியப்பா முதலியோர் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையே கண்டார்கள். ஆனால் இவையெல்லாம் பாட்டும் கதையும் ஆகிய எழுத்தின் வரலாறு. படத்தின் வரலாற்றை யார் எழுதினார்?

‘அம்புலிமாமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் தொடங்கிய அவ்விதழில், தோளில் வேதாளத்தைச் சுமந்து வாள் ஏந்திச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைக் காணாத தமிழ்ப் பிள்ளை அந்நாளில் இல்லை. அதை வரைந்தவர் கே. சி. சிவசங்கரன். ‘சங்கர்’ என்று கையெழுத்திடுவார். 2020இல் தம் 90ஆம் வயதையெல்லாம் கடந்து மறைந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, மறைந்த பிறகு! நான்கு தலைமுறை அப்படத்தை அறியும். பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? இதைப் படிக்கும் நண்பர்கள் தத்தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். இக்கட்டுரைக்காகத் தேடும் வரை எனக்கும் தெரியாது.

இன்று சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப் பரிசு தருகிறது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். 2024இல் தமிழுக்கு அதைப் பெற்றவர் யூமா வாசுகி. நூல் ‘தன்வியின் பிறந்தநாள்’. அவர் ஓவியம் பயின்றவர். மலையாளத்திலிருந்து பல நூல்களைத் தமிழாக்கியவர். அதனால் எங்கள் எல்லைப்புறத்தார்க்கு இரட்டை உறவு. எனினும் அப்பரிசு எழுத்துக்கே உரியது. தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை தரும் சிறந்த நூல் பரிசில் சிறுவர் இலக்கியமும் உண்டு; அது ஆசிரியருக்கும் பதிப்பகத்தாருக்கும் போகிறது. மூன்றாமவர் அங்கும் காணோம். திருவனந்தபுரத்தில் 1981இல் ஏற்பட்ட கேரள அரசின் பாலசாகித்திய நிறுவனமோ, தன் விருதுகளில் சித்திரம் வரைபவருக்கென ஒரு பிரிவு வைத்திருக்கிறது. செங்கலிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்விடக்கூடிய இடத்தில் மலையாள ஓவியருக்குக் கிடைக்கும் மதிப்பு, தமிழ் ஓவியருக்கு ஏன் கூடாது?

தமிழில் நல்ல படப்புத்தகமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சென்னையில் 1994இல் தாரா புக்சும், 1996இல் தூலிகாவும் தோன்றின. தூலிகா ஒரே படத்தை வைத்துத் தமிழ், மலையாளம் முதலிய ஒன்பது மொழிகளில் நூல் வெளியிடுகிறது. அதன் இருமொழி நூல்களில் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் மற்றொரு மொழியும் இருக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை எழுகிறது: ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாக ஒரு நூல் வந்தால், என் அக்காள் மகள் தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குத் தாவிவிடமாட்டாளா? தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பெயரே அழகு. ஆனால் அவை களியக்காவிளையைத் தாண்டி எங்கள் பள்ளிகளுக்கு வரமாட்டா. அது வேறு மாநிலம்.

படத்தில் என்ன இருக்கிறது என்பதும் எங்களுக்கு ஒரு வினா. நான் வாங்கிச் சென்ற நூலில் கிராமம் என்றால் ஒரு கிணறு, ஏற்றம், பனைமரம், கூரை வீடு. எங்கள் பிள்ளைகளுக்குக் கிராமம் என்பது மரச்சீனி விளை. சிரட்டையில் பால் வடியும் ரப்பர் மரம். கொல்லாம்பழம் விழுந்து கிடக்கும் முற்றம். மழை பெய்தால் நிறையும் வலியகுளம். சக்கை மரத்தடியில் மிதித்து வழுக்கி விழாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் தமிழ்ப் படப்புத்தகத்தில் ஒரு சக்கைச் சுளையையும் நான் கண்டதில்லை. பீட்டர் தன்னைத் தானே நூலில் கண்டதுபோல, மரச்சீனி விளையில் நிற்கும் தமிழ்க் குழந்தையும் தன்னைக் காண வேண்டாமா? அதைச் சென்னையிலிருந்து எவரும் வந்து வரைந்து தரமாட்டார். அந்த விளையில் வளர்ந்தவர்தான் வரைய வேண்டும். அப்படிப்பட்டவர் இன்று புதியவராகத்தான் இருப்பார்.

ஆகவே நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நாம் ஆண்டுதோறும் கட்டுரைக்கும் கவிதைக்கும் பேச்சுக்கும் பரிசு தருகிறோம். பேச்சுப் போட்டிக்கு வரும் கூட்டத்தில் பாதி, பேசுபவரின் நண்பர்கள் என்பது செயலாளருக்கும் தெரியும். அவற்றோடு படப்புத்தகத்துக்கும் ஒரு பரிசு இருக்கட்டும். ஒரு பாரம், பதினாறு பக்கம் போதும். எழுதுபவரும் வரைபவருமாக இருவர் சேர்ந்து அனுப்பலாம். பரிசுத் தொகை சரிபாதி. அட்டையில் இரு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். முன்பு நூல் வெளியிட்டவர்க்கு இடமில்லை. தீர்ப்பளிக்கும் மூவரில் ஒருவர் ஓவியம் அறிந்தவராக இருத்தல் கட்டாயம். இல்லையேல் நம் தமிழாசிரியர்கள் சந்திப் பிழையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பரிசு கொடுத்துவிடுவார்கள். நான் மிகவும் மதிக்கும் ஆசிரியர்களே இதற்காக என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடும். கோபம் தணிந்தபின் அவர்களும் ஒப்புவர். வெல்லும் நூலை நூறு படிகள் அச்சிட்டு எல்லைப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். அச்சிடாத பரிசு குழந்தைக்கு எட்டாத பரிசு.

இதற்குப் பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். சென்ற ஆண்டு விழாவில் மலர்மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆன கணக்கை அவரே எடுத்துப் பார்க்கட்டும்.

போட்டி வந்தால் நானும் கலந்துகொள்வேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரைய வராது. விடுதியில் என் பக்கத்து அறையிலிருக்கும் விலங்கியல் மாணவர் தவளையின் உள்ளுறுப்புகளை அழகாக வரைவார், அவரைப் பிடித்திருக்கிறேன். வலியகுளத்துத் தவளை ஒன்று மழையில் வழி தவறிப் பாறசாலை இரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறது என்பது கதை. பதினோராம் பக்கம் வரை வந்துவிட்டோம். பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் தவளை எங்கே இருக்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் சண்டை. வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். படங்களை எடுத்துச் சென்று அக்காள் மகளிடம் காட்டிக் கேட்பதாக இருக்கிறேன். கேட்டவுடன் சொல்ல அவர் பெயரை இப்போதே முதற் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.